ஜேசிபி வருவதற்கு முன்: பழைய ஊர் மனைக்கு அடியில் என்ன இருக்கும் என்று கணிப்பது எப்படி?

மதுரை மாசி வீதிப் பக்கமோ உறையூரிலோ பழைய வீட்டை இடித்துவிட்டு பேஸ்மெண்ட் பார்க்கிங்கோடு கட்டப் போகிறீர்கள் என்றால், ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பழங்கால மக்கள் வாழ்ந்த தடயம் கீழே என்ன இருக்கலாம், அதில் எவ்வளவு மிச்சம், உங்கள் அஸ்திவாரம் அதில் எதை அழிக்கும், இவ்வளவுதான் கேள்வி.

முதலில் காகிதம். தாய்ப்பத்திரம், பழைய சர்வே வரைபடம் இரண்டையும் எடுத்து எல்லை சொல்லும் வரிகளில் மேடு, திடல், அகழி, கோட்டை என்று ஏதாவது வருகிறதா பாருங்கள். கீழடியில் அகழாய்வு நடந்த தென்னந்தோப்புக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயரே பள்ளிச்சந்தைத் திடல்தான். மதுரை வெளி வீதிகள் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவை, அதனால் அங்கே மனை இருந்தால் அடியில் வீட்டுத் தரையைவிடத் தூர்த்த மண்ணையும் மதில் அடிக்கட்டையும்தான் எதிர்பார்க்க வேண்டும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கத்தில் இருந்தால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். சரி, நம் மனை அதற்கு வெளியே என்று நிம்மதி ஆகிவிடாதீர்கள், அந்த அளவு சின்னத்தைக் காப்பதற்குப் போட்டது, மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அப்புறம் இடத்தைச் சுற்றி நடங்கள். பழைய செப்டிக் டேங்க், போர்வெல், பக்கத்து வீட்டு பேஸ்மெண்ட் எங்கெங்கே என்று ஒரு தாளில் குறியுங்கள். அங்கெல்லாம் பழைய தடயம் ஏற்கெனவே போய்விட்டது, நடுவில் யாரும் கை வைக்காத முற்றம்தான் முக்கியம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய சாட்சி மண் பரிசோதனைதான். எப்படியும் அஸ்திவாரத்துக்காக போர் துளை போட்டு மண் மாதிரி எடுக்கத்தான் போகிறீர்கள். அறிக்கையில் '0 முதல் 3 மீட்டர், நிரப்பு மண்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், ஆனால் பல நூறு வருஷம் அந்த ஒரு வரிக்குள்தான் கிடக்கும். மாதிரியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தட்டில் கொட்டி விரலால் உதிர்த்துப் பாருங்கள். கரி, சுண்ணாம்பு, செங்கல் துணுக்கு, பானை ஓடு வந்தால் மனிதர் புழங்கிய அடுக்கு, எதுவுமே இல்லாத சுத்தமான மண் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அங்கே முடிந்தது. உள்பக்கம் கறுப்பாகவும், வெளியே வாய்ப்பகுதி கறுத்துக் கீழே சிவந்தும் ஒரு ஓடு கிடைத்தால் அது கருப்பு சிவப்புப் பானை, சங்க காலமோ அதற்கும் முந்தியதோ ஆகலாம்.

போர் துளை கையகலம்தான், அதில் ஒன்றும் வராததால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. சந்தேகம் இருந்தால் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதி, அவர்கள் ஆளை வைத்துக்கொண்டு சோதனைக் குழி போடுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம். வேலை நடக்கும்போது சுடுமண் வளையங்கள் அடுக்கிய பழங்கால உறைகிணறு தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். காசோ நகையோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஆழத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி, பிளான் போடும் முன்பே இன்ஜினியரிடம் கொடுங்கள். பழைய அடுக்கு 2 மீட்டருக்குக் கீழேதான் தொடங்குகிறது என்றால் பேஸ்மெண்ட்டை விட்டுவிட்டு ஸ்டில்ட் பார்க்கிங்கும் (தூண்கள் மேல் வீடு, அடியில் தரைமட்டத்தில் வண்டி) ஆழம் குறைந்த ராஃப்ட் அஸ்திவாரமும் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை) போட முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.