நாலடி மீன் தொட்டியைப் பிரித்து மறுபடி செடி நடுவது எப்படி?

வேலைக்கு நாள் பார்க்கும்போது, நீர்த்தடை அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோலாலம்பூர்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 120 x 45 x 45 செ.மீ. தொட்டி சுமார் 240 லிட்டர் பிடிக்கும். பாதித் தொட்டியைக் காலி செய்தபின் குழாய் வறண்டால் திண்டாட்டம்தான்.

1. மீன். பழைய தண்ணீரில் பாதியைச் சுத்தமான வாளிகளில் இழுத்து வையுங்கள். செடிகளையும் கட்டைகளையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு வந்தபின் வலையைப் போடுங்கள், துரத்தாமல் பிடிக்கலாம். வாளிக்கு ஏர் ஸ்டோனும் (காற்றுக்குமிழி விடும் கல்) மூடியும் கட்டாயம்.

2. ஃபில்டர். தொட்டியைப் பிரித்த மறுவாரம் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் இங்கேதான் காரணம் இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் தொட்டி அடியிலுள்ள கல்லிலும்தான் ஒட்டி வாழ்கிறது. தண்ணீரில் மிகக் குறைவு. கல்லை அள்ளிவிடப்போகிறோம், ஆக மிஞ்சுவது ஃபில்டர் மட்டுமே. அதைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்தால் போதும், அழுக்காகவே இருக்கட்டும். கேனிஸ்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா ஃபில்டர்) அணைத்து மூடியே வைத்தாலும் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு, அதற்கும் காற்று விடுங்கள்.

3. அடித்தளம். பழைய கல்லைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரலாம். மீன் வெளியே இருக்கும்போதே அள்ளிவிடுங்கள். கடையில் அக்வா சாயிலைத்தான் (தொட்டிச் செடிக்கான சத்துமண்) முதலில் காட்டுவார்கள். செடிக்கு அருமையானதுதான், ஆனால் பல வகைகள் முதல் சில வாரங்கள் அம்மோனியா கக்கும். அன்று மாலையே மீன் திரும்ப வேண்டுமென்றால் 2–3 மி.மீ. சாதாரணக் கல்லும் வேர் உரமாத்திரையும் போதும். முன்னால் 5 செ.மீ., பின்னால் 8. பினாங்குக்காரர்களே, பத்து ஃபிரிங்கி கடற்கரையில் மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளாதீர்கள். கிளிஞ்சல் துணுக்குகள் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும்.

4. நடவு. நம் ஊர்த் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்புதான். குளிர் கேட்கும் செடிகளோடு மல்லுக்கட்டுவதைவிட, மலேசிய ஓடைகளிலேயே வளரும் கிரிப்டோகோரைன் வாங்குவது புத்திசாலித்தனம். வேரைச் சுற்றியுள்ள பஞ்சைப் பிய்த்து எடுத்து, வேரை 3–4 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, இடுக்கியால் சாய்வாகச் செருகி லேசாக மேலே இழுங்கள். குருத்து கல்லுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு வாரத்தில் இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரையலாம். செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள், வேரிலிருந்து புது இலை வரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் புதைக்கக் கூடாது, தண்டு அழுகிவிடும். கட்டையில் நூலால் கட்டுங்கள். நடும் நேரம் முழுக்க இலைகள்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள்.

5. நிரப்புதல். கல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கி போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, அப்புறம் மீன்.

முதல் இரண்டு வாரம் விளக்கு ஆறு மணி நேரம், தீனி பாதி. சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டாத நாளில் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். வெட்டிய செடிகளைக் கால்வாயில் வீசாமல், வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.