விளம்பர அழைப்புகள்: நாமே வரவழைத்துக்கொள்ளும் தவறுகள்

போனை எடுத்து ஹலோ என்கிறோம். ஓரிரு நொடி மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம்தான் ஒரு குரல், கடன் வேண்டுமா என்று ஆரம்பிக்கிறது. பெரிய கால் சென்டர்களில் கணினி ஒரே நேரத்தில் பல எண்களுக்கு அடித்து, எடுப்பவரைக் காலியாக இருக்கும் ஊழியரோடு இணைக்கும். அதற்கான நேரம்தான் அந்த மௌனம். அது கேட்டாலே வைத்துவிடலாம். தெரிந்தவர் என்றால் மறுபடி கூப்பிடுவார்.

'இனி அழைப்பு வேண்டாமென்றால் 9-ஐ அழுத்தவும்' என்று பதிவுக் குரல் சொன்னதும் அழுத்திவிடுவது பலரும் செய்யும் தவறு. ஒழுங்கான நிறுவனம் எண்ணை நீக்கிவிடும். யாரென்றே தெரியாதவர்களுக்கோ, இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், கடைசிவரை கேட்கிறார் என்ற செய்தி போய்விடுகிறது. கோபத்தில் நின்று திட்டினாலும் அதே கதைதான்.

விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதியும் 'அழைக்க வேண்டாதோர்' பட்டியலில் பதிந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது அடுத்தது. அமெரிக்காவில் இது 2003-இல் தொடங்கியது. இந்தியாவில் 1909-ஐ அழைத்துப் பதியலாம். கட்டாயம் பதியுங்கள். ஆனால் சட்டத்தை மதிக்கிற நிறுவனங்களைத்தான் அது தடுக்கும்; மோசடிக்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. நீங்களே ஒப்புதல் கொடுத்த நிறுவனமும் தாராளமாக அழைக்கலாம்.

அந்த ஒப்புதலை எப்போது கொடுத்தோம்? என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பரிசுக் குலுக்கல், இலவசக் கூப்பன், காப்பீட்டு விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளம் என்று எதில் எண்ணைக் கொடுத்தாலும், கீழே பொடி எழுத்தில் 'எங்கள் கூட்டாளி நிறுவனங்களும் தொடர்புகொள்ளலாம்' என்று இருக்கக்கூடும். பக்கத்துக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி இல்லாத இடத்தில் எண்ணை எழுதவே வேண்டாம்.

வந்த எண்ணை ஒவ்வொன்றாக பிளாக் செய்வதால் பெரிய பலன் இல்லை. திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால், அடுத்த முறை வேறு எண்ணில் வரலாம்; திருப்பி அழைத்தாலும் ஒன்றும் அறியாத யாரோ எடுக்கலாம். அதைவிட, தெரியாத எண்களை ஒலிக்கவிடாத வசதி உங்கள் போனில் இருந்தால் அதைப் போடுங்கள். மருத்துவமனை, பள்ளி எண்களை மட்டும் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டு லேண்ட்லைனை எடுப்பது பெரியவர்களோ குழந்தைகளோ என்றால், பெயரையும் முகவரியையும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.