கிக்ஓஃபுக்கு முன் ரோபோ பாகம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி விடுமுறை விட்டதும் யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குக் கை துருதுருக்கும். அலுமினியம் வாங்கி வெட்டத் தொடங்கிவிடுவார்கள். பழகுவதற்கென்றால் தாராளமாக வெட்டலாம். ஆனால் எஃப்.ஆர்.சி. (FIRST Robotics Competition) என்ற மாணவர் ரோபோப் போட்டியின் ஆட்டம் என்னவென்று ஜனவரித் தொடக்கத்தில், கிக்ஓஃப் என்ற ஆட்ட அறிவிப்பு நடக்கும் சனிக்கிழமைதான் தெரியவரும். அதற்கு முன் செய்த பாகம் போட்டி ரோபோவில் ஏறக்கூடாது என்பது பொதுவிதி.

பழைய வரைபடத்தில் புதுப் பாகம்

திரும்பத் திரும்ப நடக்கும் இந்தத் தவறைப் பார்க்க இன்னும் எரிச்சல்தான் வருகிறது. ஐப்பசியில் பயிற்சிக்காக ஓர் அணி கியர்பொக்ஸ் செய்கிறது. அதை அப்படியே பூட்டக்கூடாது என்று தெரிந்ததால், தை மாதம் புதுத் தகடு வாங்கி, லேத் பட்டறைக்கு மறுபடியும் கூலி கொடுத்து, அதே கோப்பிலிருந்து அச்சொட்டாக இன்னொன்று செய்விக்கிறது. உலோகம் புதிது, வடிவமைப்பு பழையது. ஆகவே அதுவும் செல்லாது.

கிக்ஓஃபுக்கு முன் வரைந்த வடிவமைப்பும் எழுதிய நிரலும், அதற்கு முன்பே எல்லா அணிகளும் எடுக்கக்கூடியதாக இணையத்தில் இருந்திருக்க வேண்டும். படம் மட்டும் போட்டால் போதாது. மூலக் கோப்பு, தகட்டின் தடிப்பு, துளைகளின் இடைவெளி, பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை எல்லாம் இருந்தால்தான் வேறொருவர் அதைச் செய்யமுடியும். கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் பார்க்கமுடியாதபடி பூட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. உள்நுழையாத ஒரு ஃபோனில் இணைப்பைத் திறந்து பாருங்கள்.

முன்பே வெளியிடத் தவறவிட்டால்? கற்ற கோட்பாட்டை வைத்துப் புதிதாக வரையுங்கள், அதற்குத் தடையில்லை. பழைய கோப்பின் பெயரை மாற்றுவது புதிதாக வரைவதாகாது.

துளை போட்டாலே குற்றமா?

இல்லை. கடையில் வாங்கிய பாகத்தில் கைக்கருவியால் 30 நிமிடத்துக்குள் முடியக்கூடிய வேலையை 2025 விதிநூல் முன்கூட்டியே செய்ய அனுமதித்தது. சில துளைகள் போடுவது அதில் அடங்கியது. அதற்காக வெட்டித் துளைத்த குழாய்களை இணைத்துச் சட்டகமாக்கி வைக்காதீர்கள். அது விலக்கைத் தாண்டிவிடும்.

பம்பர்

ரோபோவைச் சுற்றிப் பூட்டும், துணி உறை போட்ட இந்த மோதல் தாங்கியை முன்பே தைக்கலாம். அளவு விதி மாறக்கூடும், துணியை மிச்சம் விட்டு வெட்டுங்கள்.

பற்றறி

வயர், லக் (வயர் முனையில் போல்ட் பூட்டும் உலோகத் துண்டு), கனெக்டர் எல்லாம் முன்பே பூட்டி வைக்கலாம். லக்கின் போல்ட்டை இறுக்கியபின் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அந்த இடம் சூடேறி மின்னழுத்தம் விழும், ஆட்டத்தின் நடுவே ரோபோ அணைந்துவிடும். இறுக்கிய பிறகே டேப் சுற்றுங்கள்.