புது லைனர் போடுமுன் நீச்சல் குளத்தின் தரையிலும் சுவரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் ஆழமில்லாத பக்கம், கடைசிப் படியிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்தால் இடது காலில் ஒரு பட்டாணி நெருடும். நிஜப் பட்டாணி இல்லை. அந்த அளவுக்கு ஏதோ ஒன்று வினைல் லைனருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. லைனர் போட்டு நாலு வருஷம் ஆகிறது. விருந்தாளிகள் யாரும் இதுவரை கவனித்ததில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தெரிந்துவிடும்.

கனடாவில், டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் இருக்கிறோம். இந்தப் பக்கம் கொல்லையில் குளம் உள்ள வீடுகளில் பலவும் வினைல் குளங்கள்தான். நம் ஊர் ஓட்டல்களில் பார்க்கிற, டைல்ஸ் ஒட்டிய கான்கிரீட் தொட்டி வேறு, இது வேறு. மண்ணைத் தோண்டி, துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டாலோ பிளாஸ்டிக் பலகையாலோ சுவர் எழுப்பியிருப்பார்கள். தரையில் வெர்மிகுலைட்டும் சிமெண்டும் கலந்து சுமார் 2 அங்குலத்துக்குப் பூச்சு. அதற்கு மேல், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரே விரிப்பாக வினைல். லைனர் என்பது அந்த விரிப்புதான். தண்ணீரைப் பிடித்து வைப்பது அது. தண்ணீரின் எடையைத் தாங்குவது அடியில் இருக்கும் தரையும் சுவரும். பத்துப் பதினைந்து வருஷத்தில் வினைல் வெளுத்து, விறைத்துக் கிழிய ஆரம்பிக்கும். அப்போது மாற்ற வேண்டும்.

மாற்றும்போது எல்லாருடைய கவனமும் லைனரின் நிறத்திலும் டிசைனிலும்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். பத்து வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள் மட்டும் கண்ணில் படுகிற அந்தத் தரையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

முதல் தவறு, தண்ணீரை இறைத்துவிட்டு அப்புறம் சாமான் வாங்கப் போவது. 16க்கு 32 அடிக் குளத்தில் 70,000 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அத்தனை எடையும் உள்ளிருந்து சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால்தான், வெளியே இருக்கும் ஈர மண் சுவரை உள்ளே தள்ள முடியாமல் நிற்கிறது. தண்ணீரை எடுத்த நிமிஷத்திலிருந்து மண்ணின் கை ஓங்குகிறது. நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் சுவர் உள்ளே வளையலாம்; நிலத்தடி நீர் ஏறியிருந்தால் தரையைக் கீழிருந்து பெயர்த்துவிடலாம். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி மண் ஊறிக் கிடக்கும். கோடைக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுவதும் அதே நேரத்தில்தான். வீட்டின் நிலவறையில் ஊறும் நீரை இறைக்கும் சம்ப் பம்ப் அடிக்கடி ஓடிக்கொண்டிருந்தால் குளத்தைக் காலி செய்ய அது நல்ல நாள் இல்லை. கோடையின் கடைசி வாரங்கள் தேவலை.

ஆகவே லைனர் பெட்டி, பூச்சுக் கலவை மூட்டை, துரு மாற்றும் பிரைமர், புது கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் பட்டை), புது ஸ்குரூ எல்லாம் கொல்லைக்கு வந்து சேர்ந்த பிறகு, நாலு நாள் மழை இல்லை என்று பார்த்துவிட்டு, பம்பைப் போடுங்கள். நான் ஸ்கிம்மருக்கான, அதாவது மேல்தண்ணீரைக் குப்பையோடு உறிஞ்சும் சுவர் வாய்க்கான கேஸ்கெட்டை மறந்துவிட்டு, காலிக் குளத்தை அப்படியே விட்டு ஒரு பகல் முழுக்கக் கடை கடையாக அலைந்தேன். அன்று மழை பெய்யாதது என் அதிர்ஷ்டம். இறைக்கும் தண்ணீரை எங்கே விடலாம் என்பதற்கு நகராட்சி விதி உண்டு. குளோரின் கலந்த தண்ணீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் திறந்துவிடக் கூடாது.

பழைய லைனரை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை விரித்தால் மெத்தை மாதிரி இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழையதில் உள்ள ஒவ்வொரு மடிப்பும் புதியதில் அச்சாக விழும். இரண்டுக்கும் நடுவில் தேங்கும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், சுவர் உச்சியில் லைனரின் விளிம்பு மாட்டிக்கொள்கிற தண்டவாளத்தில் ஒரு விளிம்புக்குத்தான் இடம். பழையதை இரண்டு மூன்று அடி அகலப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டி எடுங்கள். வெட்டும்போது கத்தியை அழுத்தினால் அடியில் உள்ள பூச்சில் கோடு விழும். சுவரில் அழுத்தினால் துத்தநாகப் பூச்சு கீறும். அடுத்த துரு அந்தக் கீறலிலிருந்துதான் கிளம்பும். வளைந்த முனையுள்ள பிளேடு இதற்குத் தோது.

லைனர் போனதும் தரை தெரியும். இங்கேதான் உண்மையான வேலை.

வெர்மிகுலைட் என்பது அபிரக இனத்துக் கனிமம். சூடாக்கினால் நெல் பொரி மாதிரி உப்பும். அதைச் சிமெண்டோடு சேர்த்துப் பூசினால் கான்கிரீட் போலக் கெட்டியாகாது. நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியும். காலுக்கு மெத்தென்று இருப்பதும், கீழிருந்து வரும் ஈரம் கசிந்து வெளியேற முடிவதும் இந்தக் குணத்தால்தான். அதே குணத்தால் பத்து வருஷத்தில் அங்கங்கே பொருக்காக உதிரும், குழி விழும். எங்கள் குளத்தின் ஆழமான பக்கச் சரிவில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு குழி. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பத்துப் பன்னிரண்டு.

நான் செய்த தவறு, குழிகளைத் தூசி தட்டிவிட்டு மேலாகக் கலவையை இழுத்துவிட்டது. காய்ந்ததும் ஓரங்கள் அப்பளம் மாதிரி உடைந்து வந்தன. தளர்ந்ததை எல்லாம் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். குழியின் ஓரத்தைச் சரிவாக விடாமல் நேராக வெட்டிவிட்டால் கலவை தடிமனாக உட்கார இடம் கிடைக்கும். பிறகு பழைய பூச்சின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். காய்ந்த பூச்சு புதுக் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் அது பிடிக்காது. கலவை கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். தோசை மாவாக வழியக் கூடாது. அழுத்தித் திணித்து, கரண்டியால் இழுத்து, குறைந்தது ஓர் இரவு இறுகவிடுங்கள். மறுநாள் உப்புத்தாளால் மேட்டைத் தேய்த்துவிடலாம்.

வீட்டுச் சுவரில் ஆணி ஓட்டையை அடைக்கிற பசையை எடுத்து இங்கே பூசுபவர்களும் உண்டு. ஜிப்சம் வகைச் சாமான் ஈரம் பட்டால் இளகிக் கூழாகிவிடும். தரையில் ஓர் இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தால் அதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. குளத்துக்கு வெளியே ஒரு குழி தோண்டிப் பம்ப் வைத்து, நிலத்தடி நீரை முதலில் இறக்கியாக வேண்டும்.

இன்னொன்று, ஒட்டுப்போடும் சாக்கில் தரையின் வடிவத்தை மாற்றிவிடாதீர்கள். லைனர் உங்கள் குளத்தின் பழைய சரிவுக்கும் ஆழத்துக்கும் அளவெடுத்து வெட்டியது. சரிவை அழகுபடுத்துகிறேன் என்று ஒரு பக்கம் உயர்த்தினால் அங்கே சுருக்கம் விழும். ஒரு மூலையைப் பள்ளமாக்கினால் அங்கே வினைல் இழுபட்டு மெலிந்துபோகும். சொந்த அளவுக்குத் தைத்ததைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள்.

தடிமனான லைனர் வாங்கினால் இதெல்லாம் மறைந்துவிடாதா என்று கேட்கலாம். கடையில் தடிமனை மில் கணக்கில் சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில். 20 மில் என்றால் அரை மில்லிமீட்டர், 30 மில் என்றால் முக்கால் மில்லிமீட்டர். மேலே நிற்கிற தண்ணீரைக் கணக்குப் பாருங்கள்: 8 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறத்தாழ 225 கிலோ. அந்தக் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு கல்லை மறைத்துவிடாது. வெளிர் நிறத்தில் டிசைன் இல்லாமல் வாங்கினால் இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

சுவருக்கு வருவோம். இரும்புச் சுவரில் கண்ட இடத்தில் எல்லாம் துரு வராது. தண்ணீர் கசிந்த இடத்தில்தான் வரும்: ஸ்கிம்மர் வாய், தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய், விளக்குப் பொந்து, தகடுகள் சேரும் போல்ட் வரிசை. சுவருக்கும் லைனருக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஃபோம் விரிப்பு ஒட்டுவார்கள். துரு மேலேயே அதை ஒட்டி மூடிவிடுவது ரொம்ப சகஜமான தவறு. எங்களுக்கு முந்தி இந்த வீட்டில் இருந்தவர்களுக்கு யாரோ அப்படிச் செய்துகொடுத்திருக்கிறார்கள். ஃபோமைப் பிய்த்தபோது அதன் முதுகில் துருச் செதில்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்கிம்மருக்குக் கீழே விரல் நுழைகிற ஓட்டை. கம்பி பிரஷ்ஷால் செதில் போகும்வரை தேய்த்து, துரு மாற்றும் பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் ஃபோம். ஓட்டை விழுந்திருந்தால் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். சுவரின் அடிப்பகுதி நீளத்துக்கு அரித்திருந்தால் நாமே செய்கிற வேலை இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள்.

கம்பி பிரஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. அதிலிருந்து உதிரும் கம்பித் துண்டுகள் ஊசி மாதிரி சுவரும் தரையும் சேரும் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். விளக்குமாறுக்கு அகப்படாது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூலையெல்லாம் இழுத்தேன். முப்பது நாற்பது கம்பி, இரண்டு பழைய ஸ்குரூ. பையை வெளிப்பக்கமாகப் புரட்டினால் எல்லாம் உள்ளே விழுந்துவிடும்.

ஃபோம் வாங்கும்போது பாலிஎதிலீன்தானா என்று பாருங்கள். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள், தெர்மாகோல் இனமான பாலிஸ்டைரீனில் இறங்கி அதை இளக்கிவிடும். ஸ்கிம்மர், குழாய் வாய், விளக்கு இவற்றைச் சுற்றி ஃபோமை ஓர் அங்குலமாவது தள்ளி வெட்டிவிட வேண்டும். கேஸ்கெட் கெட்டியான பரப்பில் உட்கார்ந்தால்தான் தண்ணீர் கசியாது. அங்கே ஒட்டியிருக்கும் பழைய சிலிக்கானையும் கேஸ்கெட் துணுக்குகளையும் சுரண்டி எடுங்கள். பழைய கேஸ்கெட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்; ஆனாலும் மறுபடி போடாதீர்கள். விளக்கைத் தொடும் முன் பிரேக்கரை அணைத்துவிடுங்கள்.

சுவரிலும் தரையிலும் மார்க்கர் பேனாவால் குறி போடும் பழக்கம் எனக்கு உண்டு. லைனரின் முதுகில் மை பட்டால் மாதக்கணக்கில் மெல்ல ஊறி முன்பக்கம் தெரியும். தார் கலந்த எதுவும் அப்படித்தான். பென்சில் போதும். தரையில் கறுப்பாகவோ ரோஸாகவோ பூஞ்சைத் தடம் இருந்தால் நீர்த்த பிளீச் தெளித்துக் கழுவி உலரவிடுங்கள்; அந்தத் தடமும் வினைலில் ஏறும். பிளீச்சோடு ஆசிட் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். குளத்தின் ஓரத்தில் கோரைப் புல் இருந்தால் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். அதன் முளை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வரும்.

எல்லாம் முடிந்து பெருக்கி, வாக்குவம் போட்டு, பளிச்சென்று இருந்தது. பக்கத்துத் தெரு அண்ணை ஒருவர் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை செய்தவர். "தம்பி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோட ஒருக்கா நடந்து பாருங்கோ. கண்ணால பாத்து ஒண்டும் விளங்காது" என்றார். இறங்கி நடந்தேன். ஆறு இடத்தில் நெருடியது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. விளிம்பு மாட்டும் தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய மண்ணும் பாசியும் அதில் அடைந்திருந்தன. ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்தேன். கீழே உதிர்ந்ததை மேலோட்டமாகப் பெருக்கினேன். மேலிருந்து கீழே வர வேண்டிய வேலை: தண்டவாளம், சுவர், கடைசியில் தரை. நான் தலைகீழாக வந்தேன்.

லைனரை மாட்டியதும் ஸ்கிம்மர் வழியாக வாக்குவத்தை ஓடவிட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவோம். வினைல் தரையோடு அப்பிக்கொள்ளும்போது அடியில் இருப்பதெல்லாம் அப்படியே தெரியும். அந்த நேரத்தில்கூட வாக்குவத்தை நிறுத்தி, விளிம்பைக் கழற்றி, கையை விட்டு எடுத்துவிடலாம். படிக்குப் பக்கத்தில் அந்தப் பட்டாணியை நான் அப்போதே பார்த்தேன். மாலை ஏழு மணி, மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஒன்றுதானே என்று தண்ணீரைத் திறந்துவிட்டேன்.