ஸ்கேல் மாடல் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பிழை பிறக்கும் இடமும் தெரியும் இடமும்

பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் கட்டத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வண்ணம் பூசும் கட்டத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். அதுவரை ஒழுங்காக வந்த விமானத்தின் முதுகில், பூச்சு காய்ந்ததும் ஒரு கோடு எழுந்து நிற்கிறது. இறக்கையில் ஒட்டிய வட்டச் சின்னத்தின் ஓரத்தில் வெள்ளி பூத்ததுபோல் ஒரு மினுமினுப்பு தெரிகிறது. உடனே வண்ணத்தைக் குறை சொல்லி, விலை கூடிய வேறொன்றைத் தேடிப் போகிறோம். இந்தக் கைவேலையில் பிழை செய்த இடத்திலேயே தெரிவது அரிது. ஒன்றிரண்டு கட்டம் தள்ளித்தான் அது கண்ணில் படும். ஆகவே, கண்ணில் படும் குறையிலிருந்து பின்னோக்கிப் போய், அது எங்கே பிறந்தது என்று காட்டுவதே இங்கே என் நோக்கம்.

எடுத்துக்காட்டாக, 1/72 அளவிலான ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை வைத்துக்கொள்வோம். உண்மையான ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், மாடலில் அது ஏறத்தாழ 15.6 சென்டிமீட்டர். இந்த அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கிவிடுகிறான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும்: உடலின் இரு பாதிகள் சேரும் இடத்தில் 0.2 மில்லிமீட்டர் இடுக்கு விட்டால், உண்மை விமானத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் பிளவு. அப்படிப்பட்ட விமானத்தில் யார் ஏறுவார்கள்?

முதுகில் தெரியும் அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கலாம். புதியவர்களின் மாடல்களில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டி பார்க்காததன்று, பசையைப் புரிந்துகொள்ளாததே. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டும் மெல்லிய திரவ சிமெண்ட், ஃபெவிகாலைப் போல இரண்டு பொருள்களுக்கு நடுவே நின்று பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்கையே கரைத்து, இரு விளிம்புகளையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. எனவே பசையை முதலில் தடவிவிட்டுப் பிறகு பாதிகளைச் சேர்ப்பது, இந்த வகைப் பசைக்குப் பொருந்தாத பழக்கம். பாதிகளை முதலில் சேர்த்துப் பிடித்து, மூடியில் உள்ள சிறு பிரஷ்ஷின் நுனியால் இணைப்பைத் தொட்டால், திரவம் தானாக இடுக்குக்குள் ஓடிப் பரவும். சில நொடிகள் பொறுத்துவிட்டு, இரு பக்கத்தையும் மெல்ல அழுத்தினால், இணைப்பு நெடுகிலும் இளகிய பிளாஸ்டிக் மயிரிழை போலப் பிதுங்கி வெளியே வரும். பலர் இதைக் கண்டு பதறித் துணியால் துடைத்துவிடுகிறார்கள். துடைக்கவே கூடாது. அந்தப் பிதுக்கம்தான் இடுக்கை நிரப்பும் முதல் பட்டி. பிளாஸ்டிக்கே ஆனதால் அதைவிடப் பொருத்தமான பட்டி கடையில் கிடைக்காது.

அடுத்த தவறு, அது இறுகுமுன் தேய்ப்பது. ஒரு மணி நேரத்தில் இணைப்பு கைக்கு உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே கரைப்பான் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சமமாகத் தேய்த்துவிட்டால், மிச்சக் கரைப்பான் போகப் போகப் பிளாஸ்டிக் சுருங்கி, சில நாள்களிலோ வாரங்களிலோ அதே இடம் பள்ளமாக இறங்கும். வண்ணமும் சின்னமும் ஏறிய பிறகு முளைக்கும் கோடு இதுதான். குறைந்தது ஒரு முழு நாள் விட வேண்டும். பசை தாராளமாக ஓடிய இடமென்றால் இரண்டு மூன்று நாள் விடுவது நல்லது. கடையில் வாங்கும் கரைப்பான் கலந்த பட்டிக்கும் இதே விதிதான்: அதுவும் காயும்போது சுருங்கும், ஆகவே ஒரே பூச்சாக அப்பாமல் மெல்லிய இரண்டு பூச்சுகளாக இட வேண்டும். கார்களுக்கு டிங்கரிங் பார்க்கும் பட்டறையில் சிறிது நேரம் நின்று கவனித்தால், ஒரே ஒடுக்கலுக்கு எத்தனை முறை பட்டி வைத்துத் தேய்க்கிறார்கள் என்பது தெரியும்.

தேய்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால், விரலின் சதை பள்ளத்துக்குள் இறங்கி அதை இன்னும் ஆழமாக்கும். மேடு அப்படியே நிற்கும். தட்டையான இடங்களுக்குக் குச்சி ஐஸின் குச்சியில் தாளை ஒட்டிக்கொண்டால் போதும், தனிக் கருவி வேண்டியதில்லை. ஸ்பிட்ஃபயரின் முதுகுபோல் வளைந்த இடத்திலோ, இணைப்பின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் வளைவு தட்டையாகி, பளபளப்பான பூச்சின்மேல் அது ஒரு பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். வளைவைத் தழுவிக் குறுக்காகவும் தேய்க்க வேண்டும். 400ஆம் எண் தாளில் தொடங்கி 600, 800, 1000 என்று போவது வழக்கம். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல்கள் தங்கிவிடும். அவையும் வண்ணத்துக்குப் பிறகுதான் தெரியும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் நல்லது. தாள் அடைத்துக்கொள்ளாது, தூசியும் பறக்காது. ரெசின் எனும் வார்ப்புப் பிசினால் ஆன பாகங்களைத் தேய்க்கும்போது இது கட்டாயம், ஏனெனில் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இதற்கும் முந்தைய கட்டம், பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுப்பது. ஸ்ப்ரூ எனப்படும் அந்தச் சட்டத்திலிருந்து பாகத்தைக் கையால் முறுக்கி உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடைந்த இடத்தில் பாகத்திலிருந்தே ஒரு துணுக்கு பெயர்ந்து குழி விழும். நிப்பர் எனும் சிறு வெட்டுக் குறடால் வெட்டுபவர்களும் ஒரே வெட்டில் பாகத்தை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். முதல் வெட்டு சற்றுத் தள்ளி இருக்க வேண்டும்; பாகம் தனியே வந்த பின், நிப்பரின் தட்டையான முகம் பாகத்தின் பக்கம் இருக்குமாறு வைத்து, அரை மில்லிமீட்டர் விட்டு இரண்டாவது வெட்டு. மிச்சத்தைக் கத்தியாலோ தாளாலோ எடுக்கலாம். கத்திக்கு மருந்துக் கடைகளில் கிடைக்கும் 11ஆம் எண் அறுவை பிளேடும் 3ஆம் எண் கைப்பிடியும் தாராளமாகப் போதும். பிளேடை மாற்றுவதில் சிக்கனம் பார்ப்பதுதான் ஆபத்து: மழுங்கிய பிளேடுக்குக் கூடுதல் அழுத்தம் தேவை, அழுத்தம் கூடினால் அது வழுக்கும், வழுக்கினால் எதிரில் இருப்பது நம் இடது கைப் பெருவிரல். மேசையிலிருந்து உருண்டு விழும் கத்தியைத் தொடைகளைச் சேர்த்துப் பிடிக்க முயலக் கூடாது என்பதை நான் ஒரே ஒரு முறை செய்து கற்றுக்கொண்டேன்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு, சட்டங்களைக் கழுவுவது. அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காக இடப்படும் எண்ணெய்ப்பசை சில கிட்களில், குறிப்பாக ரெசின் பாகங்களில், தங்கியிருக்கும். நம் விரல் எண்ணெயும் அதனோடு சேரும். பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் விட்ட வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி உலர்த்தினால் முடிந்தது. இதை விட்டால் என்ன ஆகும் என்பது, மாஸ்கிங் டேப்பை உரிக்கும் நாளில் தெரியும். 1941 ஆகஸ்டுக்குப் பிந்தைய ஸ்பிட்ஃபயரின் மேற்புறத்தில் சாம்பலும் கரும்பச்சையும் இருக்கும். வெளிர் நிறமான சாம்பலை முதலில் அடித்து, டேப்பால் மறைத்து, பச்சையை அடிக்கிறோம். டேப்பை எடுக்கும்போது சாம்பல் பூச்சும் தோலாக உரிந்து வருகிறது. பழி டேப்பின்மேல் விழும். குற்றம் கழுவாத சட்டத்தின்மீது, அல்லது பிரைமர் அடிக்காததன்மீது.

பிரைமரை வெறும் அடிப்பூச்சாக நினைப்பதும் ஒரு தவறுதான். ஒரே சீரான சாம்பல் நிறம் ஏறியதும், வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தப்பிய கீறல், பள்ளம், இணைப்புக் கோடு எல்லாம் வெளிச்சத்தில் துலங்கிவிடும். அதாவது பிரைமர் ஒரு பரிசோதனை. குறை தெரிந்தால் திரும்பிப் போய்ப் பட்டி வைத்து, தேய்த்து, மீண்டும் பிரைமர் அடிக்க வேண்டும். "வண்ணம் மூடிவிடும்" என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வண்ணம் எதையும் மூடாது, எடுத்துத்தான் காட்டும்.

காற்றின் அழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் பெரும்பாலான தொல்லைகள் கலவையில் பிறக்கின்றன. வண்ணம் பால்போல் ஓட வேண்டும். கோப்பையின் பக்கவாட்டில் ஏற்றிப் பார்த்தால் மெல்லிய படலம் விட்டுக் கீழே இறங்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் நாசில் கொண்ட ஏர்பிரஷ்ஷுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் பொதுவாகச் சரியாக இருக்கும். தூரத்திலிருந்து அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து, பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரக்கும். நீர்த்த வண்ணத்தை மிக அருகிலிருந்து அடித்தால் சிலந்திக்கால்போல் நாற்புறமும் சிதறும். எல்லா அக்ரிலிக்கும் ஒன்றென்று நினைத்து ஒரே தின்னரைப் பயன்படுத்துவது இன்னொரு பிழை. டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் ஆல்கஹாலோடு இணங்கும். வயெஹோ நிறுவனத்தின் நீர்வகை வண்ணத்தில் அதே ஆல்கஹாலை ஊற்றினால் கோப்பைக்குள்ளேயே திரிந்து கட்டியாகி, ஏர்பிரஷ்ஷை முழுவதும் கழற்றிக் கழுவ வேண்டிவரும். எந்த வண்ணமோ அதே நிறுவனத்தின் தின்னர் என்று இருப்பது தொடக்கத்தில் செலவாகத் தோன்றினாலும் மிச்சமே.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் தனிச் சிக்கல். கம்ப்ரசர் அழுத்தும் காற்றிலுள்ள ஈரம் குழாயில் நீராகத் திரண்டு, பூச்சின் நடுவே துளியாகத் துப்பும்; நீர் பிடிக்கும் வடிப்பான் இல்லாமல் கம்ப்ரசரை ஓட்டக் கூடாது. அதைவிடக் கொடுமையானது கடைசியில் அடிக்கும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். ஸ்ப்ரே கேனின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, மாடல் முழுவதும் வெண்பனி மூடியதுபோல் ஆகிவிடும். ஐப்பசி அடைமழையில் நான் அவசரப்பட்டு அடித்த ஒரு விமானம், ஒரு நிமிடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆனது. மறுவாரம் வெயில் வந்ததும் மேலே மெல்லியதாகப் பளபளப்பு வார்னிஷ் அடித்ததில் பெரும்பகுதி மறைந்தது. எல்லா முறையும் அப்படி வாய்க்காது. மழைநாளில் பாகங்களை வெட்டலாம், தேய்க்கலாம். வார்னிஷ் அடிக்கக் கூடாது.

இனி, தொடக்கத்தில் சொன்ன வெள்ளி மினுமினுப்பு. டெக்கால் என்பது சின்னங்கள் அச்சிட்ட மிக மெல்லிய படலம். மேட் வண்ணத்தின் பரப்பு உருப்பெருக்கிப் பார்த்தால் கரடுமுரடானது. அதன்மேல் படலத்தை ஒட்டினால் மேடுகளில் மட்டும் பதிந்து, பள்ளங்களில் காற்று சிறைப்படும். அந்தக் காற்றுதான் ஒளியில் வெள்ளியாக மின்னுகிறது. ஆகவே டெக்காலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடித்து நன்கு காயவிடுவதே உண்மையான தீர்வு. ஒட்டுவதற்கான திரவங்கள் அதற்குத் துணைதான். மைக்ரோ செட் டெக்காலுக்கு அடியிலும், படலத்தை இளக்கும் மைக்ரோ சால் அதற்கு மேலும் போக வேண்டும். இரண்டையும் மாற்றி இடுபவர்கள் உண்டு. சால் பட்டதும் டெக்கால் சுருங்கி நெளியும். அந்த நேரத்தில் அதைத் தொட்டுச் சரிசெய்ய முயல்வதுதான் பெரும்பிழை, படலம் கிழிந்துவிடும். விட்டுவிட்டுப் போனால் காயும்போது தானே படிந்து, விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகளுக்குள்ளும் இறங்கிவிடும். அதன் பிறகும் எங்காவது மினுமினுப்பு இருந்தால், ஊசி நுனியால் குத்தி அங்கே மட்டும் மீண்டும் சால் இடலாம்.

பேனல் கோடுகளை எடுத்துக்காட்ட இடும் எனாமல் வாஷ் எனும் நீர்த்த வண்ணத்துக்கும் அதே பளபளப்புப் பரப்பு தேவை. மேட் வண்ணத்தில் இட்டால் கறையாகப் பரவும். பலர் கறுப்பையே இடுகிறார்கள். என் பார்வையில் அது விமானத்தைக் கட்டம்போட்ட துணியாக்கிவிடுகிறது. வெளிர் நிறங்களுக்கு அடர்சாம்பலோ பழுப்போ போதும். வாஷ்ஷைத் துடைக்கும் தின்னர் அதிகமாகி இணைப்புகளுக்குள் தேங்கினால் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகலாம் என்பதால், துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது.

விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடியைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினால், அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது, உள்ளே இருக்கைக்கோ கருவிப் பலகைக்கோ இட்ட சூப்பர் க்ளூவின் ஆவி வெளியேறுமுன் மூடியை ஒட்டிவிட்டாலும் அதே கதிதான் என்பது. அப்போது உள்பக்கத்தைத் துடைக்க வழியே இருக்காது. உள்வேலை முடிந்து ஒரு நாளாவது திறந்துவைத்துவிட்டு, மூடியை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் தாமதமாகத் தெரியும் பிழை ஒன்று உண்டு. ஸ்பிட்ஃபயர் வால்சக்கரத்தில் நிற்பதால் அதற்கு இது தேவையில்லை. ஆனால் பி-39, மிக்-15 போல மூக்குச் சக்கரம் கொண்ட விமானங்களில் எடை வைக்காவிட்டால் வால் தரையில் குந்திவிடும். அதற்காகத் தூண்டில் ஈயக்குண்டுகளை மூக்கில் போட்டு, கைக்கெட்டிய வெள்ளைப் பசையை ஊற்றி மூடிவிடுகிறார்கள். அந்தப் பசை விடும் அசிட்டிக் அமிலம் ஈயத்தைத் தாக்கி, அது வெள்ளைப் பொடியாகப் பூத்துப் பருக்கும். சில ஆண்டுகள் கழித்து, அலமாரியில் சும்மா நின்ற விமானத்தின் மூக்கு இணைப்போடு பிளந்து நிற்கும். ஈயக்குண்டுக்குப் பதில் சைக்கிள் பேரிங்கின் எஃகுக் குண்டுகளைப் போட்டு, எம்-சீல் போன்ற எபாக்ஸியால் அசையாமல் பிடிக்கவைத்துவிட்டால், அந்த மூக்கை மறுபடி திறக்க வேண்டிவராது.