சத்தம் குறைந்த தோட்டா: மருந்து அடைக்கும்போது வரும் தவறுகள்

நான் கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பத்தோடு டெக்சஸில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை நானும் மனைவியும் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வருவோம். மருமகனுக்குப் பழைய லீவர் துப்பாக்கி (விசைக்கு அடியில் உள்ள பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) என்றால் உயிர். அவரிடம் இருப்பது வின்செஸ்டர் 94, ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அதற்கான 30-30 தோட்டாக்களை, அதிலும் சத்தம் குறைந்த மெதுவானவற்றை, வீட்டு கராஜிலேயே அவர் அடைத்துக்கொள்கிறார்: பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்தைப் போட்டு, வாயில் குண்டை வைத்து மூடுவது. சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே சட்டம் தடுப்பதில்லை. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஆட்கள் சிலர், பிரிக்ஃபீல்ட்ஸில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். மூன்று முறை போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதை வைத்து எழுதுகிறேன்.

முதலில், ஏன் மெதுவான தோட்டா? 170 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) எடைக் குண்டு போட்ட வழக்கமான 30-30, நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஒலியை முந்தும் குண்டு, போகிற வழியெல்லாம் சாட்டை அடித்த மாதிரி ஒரு சத்தத்தை இழுத்துக்கொண்டே போகும். வேகத்தை ஒலிக்குக் கீழே கொண்டுவந்தால் அந்தச் சாட்டைச் சத்தம் போய்விடும், தோளில் இடியும் குறையும். தகர டின்னை வரிசையாக வைத்து மத்தியானம் முழுக்கச் சுடலாம்.

இங்கேதான் எல்லாத் தவறுக்கும் வேர் இருக்கிறது. மருந்து குறைவு, சத்தம் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் நிறைய மருந்து போடும் தோட்டாவைவிடக் கொஞ்சமாகப் போடும் தோட்டாவுக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும்.

வழக்கமான மருந்தையே பாதியாகக் குறைத்துப் போட்டால் என்ன என்று நானும் கேட்டேன். அது கூடாது. ரைஃபிளுக்கு என்று செய்த மெதுவாக எரியும் மருந்து, கூடு ஓரளவு நிறைந்திருந்தால்தான் ஒழுங்காகப் பற்றும். கூடு காலியாகக் கிடந்தால் சில சமயம் தாமதித்துப் பிடிக்கும், சில சமயம் அரைகுறையாக எரியும், சில சமயம் எதிர்பாராமல் அழுத்தம் எகிறும். மெதுவான தோட்டாவுக்கு வேகமாக எரியும் மருந்து வேண்டும், அளவும் கொஞ்சம்தான். எந்த மருந்து, எந்தக் குண்டு, எத்தனை கிரெய்ன் என்பதை மருந்துத் தயாரிப்பாளர் அச்சிட்ட கையேட்டில் பார்த்துத்தான் போட வேண்டும். நான் இங்கே ஓர் அளவும் எழுதப்போவதில்லை. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நம்பாதீர்கள்.

அந்தக் கொஞ்ச அளவில்தான் அடுத்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. நம் பத்தர்கள் அந்தக் காலத்தில் பொன் நிறுத்த குண்டுமணி ஒன்று கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன். அப்படிச் சில குண்டுமணி எடை மருந்து அந்த நீளமான பித்தளைக் கூட்டின் அடியில் போய்ப் படிந்தால் இருக்கிற இடமே தெரியாது. கை மறந்து இரண்டாவது தடவை கொட்டினாலும் வழியாது. மூன்றாவது தடவையும் சில கூடுகளில் இடம் இருக்கும். இரட்டை மருந்து விழுந்த தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடும், பிடித்திருப்பவரின் கையும் கண்ணும் போகும்.

மருமகன் செய்யும் முறை எனக்குப் பட்டறையை ஞாபகப்படுத்தியது. மருந்து போடாத கூடுகளை வாய் கீழே இருக்கும்படி மரக்கட்டையில் கவிழ்த்து வைப்பார். ஒன்றை எடுப்பார், நிமிர்த்துவார், மருந்து போடுவார், அடுத்த கட்டையில் நிறுத்துவார். ஐம்பதும் முடிந்த பிறகு டார்ச்சை மேலிருந்து அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி போடுவார். அந்த நேரத்தில் போன் அடித்தாலும் எடுக்கமாட்டார், பேசவும் மாட்டார். முடிந்த தோட்டாவைத் தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்டேன். கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடை மாறும், அந்த வித்தியாசத்திலேயே மருந்தின் எடை மறைந்துவிடும் என்றார். சரிதான். குண்டை வைத்து மூடுவதற்கு முன்னால் கண்ணால் பார்ப்பதுதான் சோதனை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு ஒன்று உண்டு. இன்னும் கொஞ்சம் மெதுவாக, இன்னும் கொஞ்சம் சத்தமில்லாமல் என்று ஆசைப்பட்டு மருந்தைக் குறைத்துக்கொண்டே போவது. குண்டு குழலைத் தாண்ட முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். செம்பு உறை போட்ட குண்டு குழலோடு அதிகமாக உராயும், அதனால் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். வெறும் ஈயக் குண்டு வழுக்கிக்கொண்டு போகும். மெதுவான தோட்டாவுக்கு ஈயம்தான் ஏற்றது.

போன வருஷம் என் கையிலேயே இது நடந்தது. ஏழெட்டு டின் விழுந்தாயிற்று. அடுத்ததை அழுத்தினேன், பொட்டுவெடி மாதிரி 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம். டின் அசையவில்லை. குறி தப்பிவிட்டது என்று நினைத்து என் கை லீவரை இழுக்கப் போனது.

"மாமா, கைய எடுங்க! அப்படியே வச்சிருங்க!" என்றார் மருமகன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

துப்பாக்கியை டின் பக்கமே காட்டிக்கொண்டு அரை நிமிடம் நின்றோம், தாமதமாகப் பற்றினாலும் பற்றலாம் என்று. அப்புறம் தோட்டாக்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். வாய்ப்பக்கமாகப் பித்தளைக் கம்பியை விட்டார், ஒரு சாண் போனதும் நின்றுவிட்டது. பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடித்திருக்கிறது, ஆனால் கூட்டில் மருந்தே விழவில்லை. டார்ச் சோதனையில் அந்த ஒரு கூடு எப்படித் தப்பியது என்று அவருக்கே புரியவில்லை. அன்றைக்கு அடைத்த மிச்சம் முப்பதையும் பிரித்துக் கொட்டினார். நான் அடுத்ததைச் சுட்டிருந்தால் அடைபட்ட குழலில் இன்னொரு குண்டு போய் மோதி, குழல் புடைத்திருக்கும் அல்லது வெடித்திருக்கும். சத்தம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் நிறுத்துங்கள், குழலைப் பாருங்கள். ஏற்கெனவே மெல்லிய சத்தம் தரும் தோட்டாவில் அந்த வித்தியாசத்தைக் காது எளிதில் தவறவிடும். ஆகவே ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டது என்று பார்த்த பிறகே லீவரைத் தொடுங்கள். சத்தம் குறைவு என்று காதடைப்பானைக் கழற்றுவதும் தவறு.

லீவர் துப்பாக்கிக்கே உரிய ஒன்று: தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ளதன் மூக்கு முன்னால் உள்ளதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர் முனைக் குண்டு போட்டால், துப்பாக்கி உதைக்கும்போது அந்தக் கூர் பிரைமரில் குத்தும், குழாயிலேயே வெடிக்கும். தட்டை மூக்குக் குண்டுதான் வேண்டும். அந்தக் குழாயின் ஸ்பிரிங் வேறு குண்டைக் கூட்டுக்குள் தள்ளப் பார்க்கும். உள்ளே காலி இடம் அதிகம் என்பதால் தாங்க எதுவும் இல்லை. கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் நன்றாக மடித்து இறுக்காமல் விடாதீர்கள்.

சிலர் சுட்ட கூட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பிரைமர் லேசாக வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதே, அழுத்தம் அதிகமோ என்று. மெதுவான தோட்டாவில் இது நேர்மாறு. கூட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பிரைமரை மறுபடி உட்காரவைக்கும் அளவுக்கு அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். இந்தக் கூடுகளைத் தனியாக வைத்து மெதுவான தோட்டாவுக்கே திரும்பப் பயன்படுத்துவது நல்லது. முடிந்த தோட்டாக்களையும் முழு வேகத் தோட்டாக்களோடு கலக்க வேண்டாம். மருமகன் அடியில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டு, பெட்டியில் தேதியும் மருந்தின் பெயரும் எழுதிவிடுவார். ஒரு மேசையில் ஒரே மருந்து டப்பா. ஈயம் தொட்ட கையோடு முறுக்கு எடுக்கக் கூடாது, முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

குறி வைக்கும் இடத்துக்குப் பின்னால் மண்மேடு வேண்டும். மெதுவான ஈயக் குண்டு கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறித்து எங்கேயோ போகும்.

கடைசியாக, ஊர் திரும்பும் விஷயம். நம் மலேசியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஏழு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டில் மருந்து அடைப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஞாபகார்த்தம் என்று ஒன்றையும் எடுத்து வராதீர்கள், வெற்றுக் கூட்டைக்கூட. சட்டைப் பை, கேமரா பை, ஷூவுக்குள் என்று எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முதல் நாளே கொட்டிப் பாருங்கள். பித்தளை பளபளக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஒரு கண். போன தடவை எங்கள் கைப்பையில் பேத்தி தாத்தாவுக்கு என்று ஒரு பென்சில் பெட்டி வைத்திருந்தாள். திறந்தால் உள்ளே மூன்று கூடுகள். அவள் முகம் வாடியது, ஆனாலும் கராஜ் மேசையிலேயே வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினோம்.