காளான் படுக்கையில் பச்சைப் பூசணம்: நான் சரிசெய்த விதம்

சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கிய முதல் மழைக்காலம் முழுவதும் எனக்குக் கிடைத்தது பச்சைப் பூசணம்தான். வைக்கோலும் வித்தும் (காளான் வளர இடும் விதை) அடைத்து, காளானின் வெள்ளை இழைகள் பரவ வேண்டிய பைகளில் டிரைக்கோடெர்மா எனப்படும் அந்தப் பூசணம் திட்டுத் திட்டாகப் படர்ந்தது. வித்து சரியில்லை என்று பலரும் கூறியதால், வித்து வாங்கும் இடத்தை மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை.

பிறகு, கெட்ட பைகளை எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் பிளேடால் நெடுக அறுத்துப் பார்த்தேன். (இதைக் காளான் குடிலிலிருந்து தள்ளித்தான் செய்ய வேண்டும், பூசண வித்துகள் காற்றில் பறந்து நல்ல பைகளையும் பற்றிக்கொள்ளும்.) பெரும்பாலும் பையின் அடியில், நீர் தேங்கிச் சொதசொதவென்றிருந்த வைக்கோலிலேயே பூசணம் தொடங்கியிருந்தது.

அதன்பின், 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலை ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, தூய்மையான விரிப்பில் பரப்பி, ஈரம் சுமார் 65 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்தினேன். இதை அளக்கக் கருவி வேண்டாம்: ஒரு பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். பைகளின் அடியிலும் துளையிட்டேன்.

கோடையில் மீண்டும் சில பைகள் கெட்டன. அவையெல்லாம் கதவருகே வெப்பம் தாக்கும் இடத்தில் தொங்கியவை என்பது தெரிந்ததும், ஈரச் சாக்குகளைக் கட்டி வெப்பத்தைத் தணித்தேன். வித்திட்ட மூன்றாம் வாரத்தில் பைகள் முழுதும் வெள்ளை இழைகள் படர்ந்து, துளைகளில் ஊசித்தலை அளவு மொட்டுகள் தோன்றின. பறிப்பதற்குச் சற்று முன் நீர் தெளிக்காதீர்கள். நீர் கோத்த காளான் விரைவில் அழுகிவிடும்.